ரேடியேட்டரில் ஓடும் இனிப்பு நஞ்சு

தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பனி கொட்டும் நாடுகளில் மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் இந்தச் சிறு வித்தியாசம் எஞ்சின்களை உடைத்தது. இரவில் வெளியே நின்ற காரின் தண்ணீர் விடிவதற்குள் பனிக்கட்டியாகி, ரேடியேட்டர் குழாய்களைப் பிளந்தது. வார்ப்பிரும்பு எஞ்சினிலும் விரிசல் விழுந்தது. தண்ணீரோடு ஆல்கஹாலைக் கலந்து சமாளித்தார்கள். எஞ்சின் சூடேறியதும் அது ஆவியாகிப் போகும் என்பதால், குளிர்காலம் முழுக்க மறுபடி மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது.

இதற்கு முடிவு கட்டியது எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் இதை 1850களிலேயே உருவாக்கியிருந்தார். கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்ட பொருளாகத் தெரிந்ததால் இரண்டின் பெயரையும் ஒட்டிக் கிளைக்கால் என்றார். முதல் உலகப் போரில் கிளிசரின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஜெர்மனி வெடிமருந்துக்காக இதைத் தயாரித்தது. 1927இல் அமெரிக்காவில் 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் ரேடியேட்டருக்கான திரவமாக விற்பனைக்கு வந்தது. சரிபாதி தண்ணீரோடு கலந்தால் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் அளவுவரை உறையாது, கொதிநிலையும் உயரும். பனியையே பார்க்காத ஊர்களிலும் 'கூலன்ட்' என்ற பெயரில் இது விற்கப்படுவதற்கு இந்த இரண்டாவது குணமும் ஒரு காரணம்.

நிறமும் வாசனையும் இல்லாத இந்தத் திரவம் இனிக்கும். கடைக்கு வரும் கூலன்டின் பளிச்சென்ற பச்சை, சேர்க்கப்பட்ட சாயத்தின் நிறம். கசிவைக் கண்டுபிடிக்க உதவட்டும் என்று பலவற்றில் ஃபுளோரசின் கலக்கிறார்கள். காருக்கடியில் தேங்கிய பச்சைச் சொட்டு, ஒரு குழந்தையின் கண்ணுக்கு சர்பத்தாகவே தெரியும்.

குடித்த திரவம் நேரடியாகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை மாற்றுவதில்தான் ஆபத்து. சாராயத்தை உடைக்கும் அதே நொதி இதையும் உடைக்கிறது. முதலில் கிளைக்காலிக் அமிலம் உருவாகி இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. கடைசியில் உண்டாகும் ஆக்சாலிக் அமிலம் இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தில் படிகிறது. முதல் சில மணி நேரம் ஆள் குடிபோதையில் தள்ளாடுவது போலவே இருக்கும். போதை சற்றுத் தெளிந்தாற்போலத் தோன்றும்போது வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த நிம்மதிதான். அதற்குள் இதயமும் நுரையீரலும் திணறத் தொடங்கியிருக்கும்; ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுபோகும். சிறு குழந்தைக்குச் சில மடக்கே போதும். பூனைக்கு ஒரு தேக்கரண்டி அளவு போதும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இருந்தும் அது குடித்துச் சாகிறது.

முறிமருந்து பிறந்ததும் அந்த நொதியிலிருந்துதான். சாராயத்திலுள்ள எத்தனாலும் கிளைக்காலும் ஒருசேர வந்தால் நொதி எத்தனாலையே முதலில் பிடிக்கும்; கிளைக்கால் மாறாமல் சிறுநீரில் வெளியேறும். இதனால் மருத்துவமனைகளில் நோயாளியின் இரத்தக்குழாயில் எத்தனால் ஏற்றுவது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. அந்த நொதியை நேரடியாகவே தடுக்கும் ஃபோமெபிசோலுக்கு 1997 இறுதியில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நிலைமை முற்றியவர்களுக்கு டயாலிசிஸ் துணை நிற்கிறது. எந்த மருந்தும் நேரத்தோடு கொடுத்தால்தான் பலன். வாந்தி எடுக்க வைப்பதில் நேரத்தைக் கழிக்காமல், அறிகுறிக்காகக் காத்திராமல், குடித்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடுவதே சரி.

தடுப்பு முயற்சி சுவையின் பக்கமாகவும் நடந்தது. 1958இல் எடின்பரோவின் மக்ஃபார்லன் ஸ்மித் நிறுவனத்தில், மரத்துப்போக வைக்கும் மருந்துகளைத் தேடிய ஆய்வில் டெனட்டோனியம் தற்செயலாகக் கிடைத்தது. உலகில் அறியப்பட்ட பொருட்களிலேயே மிகக் கசப்பானவற்றில் ஒன்று அது. பத்து லட்சத்தில் 30 பங்கு கலந்தாலே நாக்கு திரவத்தை உமிழ்ந்துவிடும். ரேடியேட்டர் திரவத்தில் கசப்பு சேர்ப்பதை 1991இல் முதலில் சட்டமாக்கியது அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம். 2012இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் 50 மாநிலங்களிலும் தாமாகவே சேர்ப்பதாக அறிவித்தார்கள். கசப்பு ஒரு நல்ல காவல்தான், முழுக்காவல் அல்ல. முதல் மடக்கை அது தடுப்பதில்லை. ஆய்வுகளில் குழந்தைகள் வாயில் வைக்கும் நிகழ்வுகள் குறைந்ததாகவும் தெரியவில்லை. மூடி இறுகிய அசல் டப்பாவில், கைக்கெட்டாத உயரத்தில் வைப்பதும், சிந்தியதை உடனே கழுவுவதும், மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காமலிருப்பதும் இன்றும் முதன்மையான தடுப்பு. நச்சு குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த கூலன்டும் கிடைக்கிறது.

ரேடியேட்டரைத் தாண்டி இந்தக் குடும்பத்தின் இன்னொரு திரவம் மருந்துக்குள் நுழைந்ததுதான் இந்த வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. டை எத்திலீன் கிளைக்காலும் இனிக்கும், கிளிசரினைப் போலவே கெட்டியாக ஓடும், ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லும். 1937இல் அமெரிக்க மாநிலமான டென்னசியின் பிரிஸ்டல் நகரில் மாசென்கில் நிறுவனம், மாத்திரையாக இருந்த சல்ஃபானிலமைடைத் திரவமாக்க இதைக் கரைப்பானாகத் தேர்ந்தது. ராஸ்பெரி மணம் சேர்த்து நிறமும் சுவையும் மணமும் பார்த்தார்கள். நஞ்சு சோதனை மட்டும் செய்யவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. 240 கேலன் தயாரித்தார்கள்; மருந்து விற்பனைக்குப் போனது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசின் மருந்து ஆய்வாளர்கள் ஊர் ஊராக, மருந்துக்கடை மருந்துக்கடையாகச் சென்று பாட்டில்களைத் தேடினார்கள். மருந்து வாங்கிக்கொண்டு மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் 3 வயதுச் சிறுவனைக் கண்டுபிடிக்க, ஓர் இளம் மருத்துவர் தன் திருமணத்தையே தள்ளிவைத்தார். மருந்தின் பெயரிலிருந்த எலிக்சிர் என்ற சொல் ஆல்கஹால் இருப்பதாகப் பொருள்படும், இதில் ஆல்கஹால் இல்லை என்ற பெயர்க் குற்றத்தை மட்டுமே அரசால் சுமத்த முடிந்தது. விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கச் சொல்லும் சட்டம் 1938இல் வந்தது.

ஆனாலும் நஞ்சு திரும்பத் திரும்ப வந்தது. 1970களின் தொடக்கத்தில் சென்னையில், குழந்தைகளுக்கான மருந்தில் கலந்திருந்த இந்தத் திரவத்தால் 14 குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் இறந்ததை லென்டின் ஆணையம் விசாரித்தது. ஹைட்டி, பனாமா என்று பட்டியல் நீண்டது. 2022இல் காம்பியாவில் இந்திய இருமல் மருந்து குடித்த அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபின், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்கு ஆய்வகச் சோதனையை இந்தியா 2023 ஜூனில் கட்டாயமாக்கியது. உள்நாட்டில் விற்பது அந்த ஆணைக்குள் வரவில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தின் மாதிரியைத் தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவோ 0.1 சதவீதம். வாங்கிய கரைப்பானின் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து இந்த அளவைச் சரிபார்க்க மெல்லிய படலத் தகட்டில் பிரித்துப் பார்க்கும் எளிய சோதனை முறை பல ஆண்டுகளாகவே கைவசம் உள்ளது.