குழியிலிருந்து தொட்டிக்கு: ஒரு புகையடுப்பின் வரலாறு

வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தேடிப் பழகியவர்கள் நாம். துருப்பிடித்த எரிவாயுத் தொட்டி ஒன்றிலும் அது படிந்திருக்கக்கூடும் என்று எளிதில் எண்ணமாட்டோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் ஊர்ப்புறத்து வீட்டுக் கொல்லைகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஆள் நீளத்திற்கும் மேற்பட்ட உருளைத் தொட்டி ஒன்று இரும்புக் கால்களின்மேல் படுக்கையாக வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் வெட்டிக் கீல் வைத்த கதவு; ஒரு முனையில் வெல்டிங் செய்து பொருத்திய பெட்டி; மேலே ஒரு புகைபோக்கி. தொலைவிலிருந்து பார்த்தால் தண்டவாளத்தை விட்டு இறங்கிய சிறு நீராவி எஞ்சின் போலத் தோன்றும். அது இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு. எங்கோ கழித்துக்கட்டிய தொட்டியைக் கொண்டு வீட்டுக்காரரே செய்துகொண்டது.

புகையூட்டிய உணவு நமக்குப் புதிதன்று. மாலத்தீவின் மாசிக் கருவாடு, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் செய்வதே. மாசிக்குப் புகை இடுவது கெடாமல் காப்பதற்காக. டெக்சாஸ் தொட்டியிலோ புகையும் அதன் வெம்மையுமே சமையல். மாட்டின் நெஞ்சுப்பகுதி போன்ற முரட்டு இறைச்சி, ஏறத்தாழ 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பத்து மணி நேரத்திற்கு மேலும் வேகும். அதிலுள்ள கொலாஜன் என்னும் இணைப்புத் திசு மெல்ல ஜெலட்டினாக இளகுவதால், பல்லுக்கு வளையாத தசை விரலால் பிய்க்கும் பதத்தை அடைகிறது.

இந்த அடுப்பின் முன்னோரை மூன்று இடங்களில் தேடலாம் என்பது நம் கருத்து: அடிமைகள் வெட்டிய குழியில், எண்ணெய் வயல்களில், ஒரு பள்ளிக்கூடத்தின் இடிபாட்டில்.

மண்ணில் வெட்டிய குழி

பார்பிக்யூ என்னும் சொல் கரிபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியத்தின் வழியே ஆங்கிலத்திற்கு வந்தது. பர்பகோவா என்பது கோல்களால் உயர்த்திக் கட்டிய பரணைக் குறித்தது. ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526-இல் வெளியிட்ட நூலில் இச்சொல் இடம்பெற்றுள்ளது.

வர்ஜீனியா, கரோலினா முதலிய தென்பகுதிக் குடியேற்றங்களில் பரண் தரைக்கு இறங்கியது. நீண்ட குழி வெட்டி, வேறோர் இடத்தில் கட்டைகளை எரித்துத் தணலாக்கி, அத்தணலை மண்வாரியால் அள்ளிக் குழியில் பரப்புவார்கள். குழியின் குறுக்கே கோல்களை அடுக்கி, முழுப் பன்றியையோ ஆட்டையோ அவற்றின்மேல் கிடத்துவார்கள். இரவு முழுதும் தணல் குறையாமலும் தீ எழாமலும் காக்க வேண்டும். தோட்ட முதலாளிகளின் பெருவிருந்துகளில் இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழியினருமே.

பின்னாளில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், 1769 மே மாத நாட்குறிப்பில், அலெக்சாந்திரியா நகரில் ஒரு பார்பிக்யூ விருந்துக்குப் போய் இரவு அங்கேயே தங்கியதை ஒரு வரியில் எழுதிவைத்துள்ளார். குழி வெட்டியவர் யார், தணல் அள்ளியவர் யார் என்பதற்கு அவ்வரியில் இடமில்லை. விருந்துண்டவர் பெயர் நிற்க, சமைத்தவர் பெயர் மறைவது எல்லா நாட்டு வரலாற்றிலும் உள்ளதுதான்.

ஆயினும் ஒரு குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் ஒன்று, அன்று உயிரோடிருந்த முன்னாள் அடிமைகள் 2,300-க்கும் மேற்பட்டோரைக் கண்டு அவர்கள் சொன்னவற்றைப் பதிவு செய்தது. தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்னும் முதியவர் அவர்களுள் ஒருவர். விருந்துக்கு முந்தைய இரவெல்லாம் விழித்திருந்து இறைச்சியை வேகவைத்ததையும், அதன்மேல் பூசிய சாற்றையும் அவர் விவரித்துள்ளார். வினிகர், மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு என்று அவர் அடுக்கும் பட்டியலைப் படிக்கும்போது, தன் கையின் அளவை மறவாத ஒரு சமையற்காரரின் பெருமிதம் நமக்குப் புலப்படுகிறது.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின் இக்கலை கருப்பின மக்களோடு நகரங்களுக்குப் பெயர்ந்தது. டென்னசி மாநிலத்தில் பிறந்த ஹென்றி பெர்ரி 1908 அளவில் கான்சஸ் சிட்டியில் தொடங்கிய வணிகமே, அந்நகரின் புகழ்பெற்ற பார்பிக்யூ மரபுக்கு வித்து.

கசாப்புக் கடையின் செங்கல் அடுப்பு

நடு டெக்சாஸில் வேறொரு மரபு வந்து கலந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கசாப்புக் கடைகள் வைத்தனர். குளிர்பதனம் இல்லாத காலத்தில், விற்காமல் எஞ்சிய இறைச்சியைத் தம் நாட்டு வழக்கப்படி புகையூட்டினர். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளர்கள் அதைத் தாளில் வாங்கி அங்கேயே உண்டனர். லாக்ஹார்ட் ஊரில் 1900-இல் தொடங்கிய கிராய்ட்ஸ் கடை இவ்வகையில் பெயர்பெற்றது. இக்கடைகளில் செங்கல்லால் கட்டிய நீண்ட அடுப்புகள் இருந்தன. நெருப்பு ஒரு முனையில் எரியும். புகைபோக்கி மறுமுனையில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இறைச்சி வேகும். தொட்டி அடுப்பின் உருவம் இங்கேயே பிறந்துவிட்டது. செங்கல்லின் இடத்தில் இரும்பு வருவதுதான் எஞ்சியிருந்தது.

எண்ணெய் வயலின் எச்சம்

1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸின் போமான்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் குன்றில் எண்ணெய் பீறிட்டது. 1930-இல் கிழக்கு டெக்சாஸ் வயல் கண்டறியப்பட்டது. எண்ணெயோடு குழாய்களும் கொள்கலன்களும் வெல்டர்களும் அம்மாநிலம் எங்கும் பரவினர். கனத்த இரும்பை வெட்டவும் இணைக்கவும் தெரிந்த கைகளும், கேட்பாரற்றுக் கிடந்த குழாய்த் துண்டுகளும் ஒரே ஊரில் இருந்தால் அவை அடுப்பாவதற்கு நெடுநாள் ஆகாது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்து வேலை குறைந்தபோதும் அக்கைகளின் திறம் குறையவில்லை.

குழாய்வழி எரிவாயு எட்டாத பண்ணைவீடுகளுக்குப் புரொபேன் நிரப்பிய தொட்டிகளே துணை. ஏறத்தாழ 950 லிட்டர் கொள்ளளவும் இரண்டரை அடி விட்டமும் கால் அங்குல அளவு கனமும் கொண்ட பழைய தொட்டி, கொல்லையில் அடுப்புச் செய்பவருக்குப் பெரும்பேறு. கனத்த இரும்பு வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றடித்தாலும் கதவைத் திறந்து மூடினாலும் உள்வெப்பம் எளிதில் தடுமாறாது.

புகை திரும்பும் வழி

இவ்வடுப்பில் ஒரு குறை உண்டு. நெருப்புப் பெட்டிக்கு அருகிலுள்ள இறைச்சி தீயும். மறுமுனையிலுள்ளது வேகாமல் நிற்கும். இதற்குப் பட்டறைக்காரர்கள் கண்ட தீர்வுகளுள் ஒன்றுதான் புகையைத் திருப்பிவிடும் அமைப்பு. இறைச்சி வைக்கும் கம்பித் தட்டுக்குக் கீழே, தொட்டியின் நீளவாக்கில் ஓர் இரும்புத் தகட்டைப் பக்கங்களில் இடைவெளியின்றி வெல்டிங் செய்வார்கள். மறுமுனையில் மட்டும் திறப்பு இருக்கும். நெருப்புப் பெட்டியிலிருந்து வரும் புகை தகட்டின் அடியாகவே கடைசிவரை ஓடி, அத்திறப்பின் வழியே மேலேறி, இறைச்சியைத் தழுவியபடி வந்த திசைக்கே திரும்பும். ஆகவே புகைபோக்கி, நெருப்புப் பெட்டி உள்ள முனையிலேயே நிற்கும்.

சூடேறிய தகடு நீளம் முழுவதும் கீழிருந்து வெம்மையைப் பரப்புகிறது. சொட்டும் கொழுப்பும் சாறும் தகட்டில் பொரிந்து மணமாக எழுகின்றன. தகட்டைச் சற்றே சரிவாக வைத்தால் மிகுந்த கொழுப்பு வடிகுழாய் வழியே வெளியேறும். அடுப்பு சூடேற நேரமும் விறகும் கூடுதலாக வேண்டும் என்பது இதன் விலை. காற்றுப் போதாமல் கட்டை புழுங்கினால் வெண்புகை எழுந்து இறைச்சி கசக்கும். நன்கு உலர்ந்த ஓக் கட்டை சுடர்விட்டு எரிய, கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் நீலம் பாய்ந்த மெல்லிய புகை வர வேண்டும். குழியருகே விழித்திருந்தவர் கண்ணால் அறிந்ததும் இதுவே.

தொட்டியில் தங்கிய வாடை

பழைய புரொபேன் தொட்டியை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. காலி என்று தோன்றும் தொட்டியிலும் எரிவாயு தங்கியிருக்கும். ஒரு பொறி போதும். அதனால் அறிந்தவர்கள் அடைப்பைக் கழற்றிக் கழுவி, தொட்டி நிறைய நீர் நிரப்பியே முதல் வெட்டைப் போடுவார்கள். கழுவிய பின்னும் அழுகிய முட்டைக்கோசு போன்றதொரு நாற்றம் போவதில்லை. சமைக்குமுன் பெருந்தீ மூட்டி அதை எரித்தாக வேண்டும்.

அந்த நாற்றத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அது எரிவாயுவின் இயல்பான மணமன்று. மனிதர் சேர்த்த மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தின் வாடை. 1937 மார்ச் 18 அன்று, கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயலின் நடுவே உள்ள நியூ லண்டன் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. எண்ணெய் வயலில் கழிவாகக் கருதப்பட்ட வாயுவைச் செலவு மிச்சத்திற்காக இணைத்திருந்தார்கள். பிற்பகலில், தொழிற்பயிற்சி வகுப்பில் ஒரு மின்கருவியை இயக்கியபோது பொறி பறந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். எண்ணெய் வயல் தொழிலாளர்கள் இரும்பு வெட்டும் கருவிகளோடு ஓடிவந்து இடிபாட்டைக் கிளறினர். அவர்களுள் பலர் அப்பிள்ளைகளின் தந்தையர். அவ்வாண்டிலேயே எரிவாயுவில் மணமூட்டி கலக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் இயற்றியது. பின்னர் அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் சமையலறைச் சிலிண்டர் கசிந்தால் மூக்கு எச்சரிப்பதற்கும் அதுவே காரணம்.

வீட்டில் அடுப்புச் செய்பவர் அந்நாற்றத்தைச் சபித்தபடியே எரித்துப் போக்குகிறார். அது அவரைக் காப்பதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதும், எத்தனை பிள்ளைகளின் உயிர்விலை அது என்பதும் அவ்வேளையில் நினைவுக்கு வருவது அரிது. அவ்வாறே, தாம் காக்கும் தணலை முதலில் காத்தவர்கள் கூலியின்றி விழித்திருந்தவர்கள் என்பதும்.

தொட்டியைச் செய்பவர் மீது நாம் குறை காணவில்லை. கழிவைக் கருவியாக்கி, ஊரைக் கூட்டிச் சோறிடும் கை வணங்கத்தக்கது. ஆனால், கருவியைக் கையேற்றுக்கொள்ளும் நாம் அதன் கதையைக் கைவிட்டுவிடுகிறோம். வெஸ்லி ஜோன்ஸிடம் ஒருவர் போய்க் கேட்டார், கேட்டதை எழுதிவைத்தார். அதனால் ஒரு பெயரும் ஒரு சாற்றின் செய்முறையும் பிழைத்தன. கேட்க ஆளின்றிப் போன மற்ற பெயர்கள் அக்குழிகளின் சாம்பலோடு போயின.

நம் ஊரின் பழங்கருவிகளுக்கும் கேட்க வேண்டிய கதைகள் உண்டு. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.