விலங்கின் எண்ணும் வித்துவான் குட்டியும்

மாதுங்காவை அடுத்த சண்முகானந்த அரங்கில் கல்யாணி இராகத்தைக் கேட்டு இன்புறும் நம்மவர் பலர், அதன் முழுப்பெயருக்குள் ஓர் எண் அடங்கியிருப்பதை அறிவர். 'மேசகல்யாணி' என்பதன் முதலிரண்டு எழுத்துக்களுக்குக் கடபயாதி முறையில் 5, 6 என்பன மதிப்பாகும். அவற்றை வலமிருந்து இடமாகப் படித்தால் 65. அதுவே 72 மேளங்களுள் அவ்விராகத்தின் இடம். பெயருக்குள் எண்ணை வைத்தல் நமக்குப் புதியதன்று.

இம்மரபை நினைவிற் கொண்டால், கிறித்தவ மறையின் இறுதி நூலாகிய திருவெளிப்பாடு கூறும் 666 என்னும் எண் நம்மை மருட்டாது. அந்நூல், உரோமப் பேரரசின் கீழ்ச் சின்ன ஆசியாவில் வாழ்ந்த ஏழு சபைகளுக்கு, பத்மு தீவிலிருந்த யோவான் வரைந்தது. அரசனை வெளிப்படையாகப் பழித்தல் உயிருக்கு இறுதியாகும் காலம் அது. ஆகவே உரோமை 'பாபிலோன்' என்றார். அந்நகரம் அமர்ந்துள்ள ஏழு குன்றுகளை விலங்கின் ஏழு தலைகள் என்றார். அதன் எண்ணைக் கணித்துப் பார்க்குமாறும் கூறினார்.

எபிரேயர் தம் எழுத்துக்களையே எண்களாகவும் வழங்கினர். 'நேரோன் கேசர்' என்னும் பெயரை எபிரேய எழுத்தில் வரைந்து, 50, 200, 6, 50, 100, 60, 200 எனக் கூட்டினால் 666 வரும். பெயரின் ஈற்று னகரத்தை நீக்கினால் 616. சில பழஞ்சுவடிகள் 616 என்றே காட்டுவது இவ்விளக்கத்திற்கு வலுவூட்டுகிறது. கி.பி. 64இல் உரோம் எரிந்தபின் கிறித்தவரை வதைத்தவன் நீரோ. 68இல் அவன் மாண்ட பின்னரும், மீண்டு வருவான் என்ற வதந்தி நெடுநாள் உலவியது. சாவுக்காயம் ஆறிய விலங்கின் தலை அதனையே குறிக்கும் என்பர் அறிஞர் பலர்.

ஆயினும் இத்திறவுகோல் விரைவிலேயே மறைந்தது. சுமார் 180இல் எழுதிய இரேனேயு என்னும் ஆயர் வேறு பெயர்கள் சிலவற்றை ஆராய்ந்து, எதனையும் முடிந்த முடிபாகக் கொள்ளாது காத்திருத்தலே நன்று என எச்சரித்தார். 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றுப்பெற்றபோது, எண் தமிழுக்கு வந்தது; அதனைப் பெயராக்கிய எபிரேய எழுத்துக்கள் வரவில்லை. மொழிபெயர்ப்பில் இத்தகைய இழப்பு தவிர்க்கவியலாதது. பின்னர் வந்தோர் அவ்வெற்றிடத்தைத் தத்தம் காலத்துப் பெயர்களாலும் ஆண்டுகளாலும் நிரப்பினர். நெப்போலியனும் இட்லரும் அவ்வாறு விலங்காக்கப்பட்டனர். தானியேல் நூலின் 2,300 நாட்களை ஆண்டுகளாக்கிய அமெரிக்கர் மில்லரின் அன்பர்கள், 1844 அக்டோபர் 22இல் வானை நோக்கி வீணே காத்திருந்தனர்.

நம் மண்ணிலும் இது நிகழ்ந்தது. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்பாரைச் சூழ்ந்து ஆன்மிக எழுச்சி ஒன்று தோன்றியது. 1870களில் திருவிதாங்கூரிலும் அத்தகைய எழுச்சி கிளர்ந்தது. அங்கே, பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் குடும்பத்தில் இராமய்யனாகப் பிறந்து, 1861இல் கிறித்தவம் தழுவிய யுஸ்துஸ் யோசேப்பு குருப்பணி ஆற்றி வந்தார். வடமொழிப் புலமையால் அவரை 'வித்துவான் குட்டி' என்றழைத்தனர். அவர் 1875இல், இன்னும் ஆறாண்டில் கிறிஸ்து மீண்டும் வருவார் என அறிவித்தார். 1881 வந்தது, உலகம் முடியவில்லை. நம்பினோர் பலர் மனமுடைந்தனர். எஞ்சியோருடன் 'யுயோமயம்' என்னும் தனிச்சபை எழுந்தது. 1887இல் அவர் மறைந்தார். குறித்த ஆண்டு பொய்த்தது. ஆயினும் அவர் இயற்றிய மலையாளப் பாடல்கள் கேரளத் தேவாலயங்களில் வாழ்கின்றன.

அவ்விரு நிலங்களின் மக்களும் இன்று மும்பையில் அண்டையராக வாழ்கின்றனர். நெல்லைச் சீமையின் வழிவந்தோர் தாராவியிலும், பாலக்காட்டார் மாதுங்காவிலும் செம்பூரிலும் மிகுதி. போரோ கொள்ளைநோயோ வருங்காலத்து, விலங்கின் எண்ணுக்குப் புதியதொரு பெயரைச் சூட்டி நம்மை அச்சுறுத்துவார் தோன்றுவர். அப்போது நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இவ்வுருவகத்தை முதன்முதல் செவியுற்றோர் யார், அவர்க்கு நேர்ந்த இடர் யாது? வினவினால், அது நாள் குறிக்கும் பஞ்சாங்கம் அன்று, கொடுங்கோன்மை நிலைக்காது எனத் துன்புற்றோர்க்குச் சொன்ன ஆறுதல் என்பது விளங்கும்.