அளவுகோல் யார் கையில்?

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட ஆசிரியர் அவரை அழைத்தார். வகுப்பில் கூச்சல் எழுந்தது. கரும்பலகைக்குப் பின்னால் சாதி இந்து மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவற்றை அவர்கள் பாய்ந்து அப்புறப்படுத்திய பிறகுதான் அவரால் பலகையைத் தொட முடிந்தது. இந்தச் சம்பவத்தை நாம் மேடைகளில் அவமானத்தின் கதையாகச் சொல்கிறோம். சரிதான். ஆனால் வகுப்பறையில் இருக்கும் பொருளைத் தொடும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. இயற்பியல் கற்பிப்பவர் தினமும் சந்திக்க வேண்டிய கேள்வி அது.

ஆசிரியர் மேசையில் செய்து காட்டுவார், பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள். பள்ளி இயற்பியல் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 1880களின் பிற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம், இயற்பியலை எடுத்துக்கொண்டு சேர வரும் மாணவர் பள்ளியிலேயே தன் கையால் சோதனைகள் செய்திருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. ஹால் விளைவைக் கண்டறிந்த எட்வின் ஹால் அதற்காக 40 சோதனைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார். பள்ளிக்குள் ஆய்வகம் நுழைந்த வரலாற்றில் அது ஒரு முக்கியமான திருப்பம்.

நம் ஊரில் ஆய்வகம் பெரும்பாலும் பூட்டிய அலமாரியாகவே வந்து சேர்ந்தது. நான் வேலை நிமித்தமாகப் போகும் பள்ளிகளில் லென்சுகள் வாங்கிய காகிதம் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. "உடைந்தால் யார் பதில் சொல்வது?" என்கிறார்கள். திறக்கும் நாளிலும் முதல் பெஞ்சில் இருப்பவர்கள் அளப்பார்கள், மற்றவர்கள் அளவை எழுதிக்கொள்வார்கள். அந்த மற்றவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள்.

இந்தப் பூட்டை அரசுப் பள்ளியிலேயே திறக்க முடியும் என்று காட்டிய முயற்சி ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் நடத்தின. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்து உதவினார்கள். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பிறகு பொறுப்பேற்றது. (அந்தப் பெயரை யோசித்துப் பாருங்கள். கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய கல்விமுறைக்கு அதைவிடக் கூர்மையான பதில் வேண்டுமா?) 'பால் வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூல் விடையைச் சொல்லித் தராது. நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து, எளிய சாமான்களை வைத்துச் செய்து, பார்த்ததைத் தாங்களே எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 1978இல் பொறியாளர் அரவிந்த் குப்தா வேலைக்கு ஓராண்டு விடுப்புப் போட்டு அங்கே வந்து, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு மாதிரிகள் செய்தார். சேர்ந்து உட்காருவதே வழக்கமில்லாத ஊர்களில் நான்கு பிள்ளைகள் ஒரே சாமானைச் சுற்றி உட்காருவதை நான் வெறும் பாடமுறையாகப் பார்க்கவில்லை.

30 ஆண்டுகள் ஓடி, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டிய இந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அரசு ஒத்துழைப்பில் வளர்ந்தது, அரசாணையில் முடிந்தது. திட்டத்தைக் காக்கத் தெருவில் இறங்கும் பெற்றோர் இயக்கம் ஒன்று பெரிதாக வளரவில்லை என்பதே என் கணிப்பு. இயக்கத்தில் இருக்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

இங்கே மாலை நேர வகுப்பு எடுக்கும் தோழர்களுக்குச் சில சொற்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். திருப்புத்திறன் சோதனைக்கு ஒரு மீட்டர் அளவுகோல், நூல், எடை தெரிந்த பிஸ்கட் பாக்கெட் போதும். 'நெம்புகோல்' என்ற சொல்லே உழைப்பவர் வாயிலிருந்து வந்ததுதான். கடப்பாரையால் பாறையை நெம்புகிறவருக்கு, பிடி நீளமாக இருந்தால் பாரம் லேசாகும் என்று தெரியும். சூத்திரத்துக்கு முன்னால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒலிப் பாடத்துக்கு வீணையும் புல்லாங்குழலும்தான் உதாரணம் என்று யார் சொன்னது? பறையைத் தீயில் காய்ச்சும்போது தோலின் ஈரம் வற்றி, தோல் இறுகி, சுருதி ஏறுகிறது. இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. ஆனால் கலப்பு வகுப்பில் ஒரு பிள்ளையைச் சுட்டி "உங்க வீட்டில் பறை இருக்குமே, நீ சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பறையை நீங்களே கொண்டுவந்து மேசையில் வையுங்கள், நீங்களே அடியுங்கள். பிறகு எல்லார் கைக்கும் போகட்டும். கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளை இருந்தால் அன்றைக்கு ஒலிப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள்.

குழுக்களை நீங்களே பிரியுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் தெரு தெருவாகத்தான் சேருவார்கள். அளப்பவர், பிடிப்பவர், எழுதுபவர், கழுவித் துடைப்பவர் என்று நான்கு வேலை. யாருக்கு எந்த வாரம் எது என்று முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கழுவும் வேலை எப்போதும் யார் தலையில் விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.