எரியும் வைக்கோலும் யூரியா மூடையும்: நெல் வயலில் இரு பசளைகளைச் சேர்த்து இடுதல்

மாசி மாதத்தில் கிளிநொச்சியைக் கடந்து போகிறவர்களுக்கு அந்தப் புகை பழக்கமானது. காலபோக அறுவடை முடிந்ததும், இயந்திரம் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போன வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். அடுத்த உழவுக்கு இடைஞ்சல் என்பது காரணம். அது பொய்யான காரணமும் இல்லை.

வன்னிக் கமக்காரர் பசளை இல்லாத காலத்தை இரண்டு தடவை கண்டவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. பிறகு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் நாடு முழுவதும் ஒரேயடியாக நிறுத்தியது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டபோது காலபோகம் தொடங்கியிருந்தது. விளைச்சல் விழுந்தது. அன்றிலிருந்து 'சேதனப் பசளை' என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் நியாயம் உண்டு. எங்கே பிழைத்தது என்பது கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நன்றாக உக்கிய மாட்டெருவில் நைதரசன் ஏறக்குறைய அரை வீதம் முதல் ஒரு வீதம் வரைதான். அதே 23 கிலோவை எருவால் கொடுக்க 2,300 முதல் 4,600 கிலோ வேண்டும். அதாவது ஒரு மூடை யூரியாவுக்கு 46 முதல் 92 மூடை எரு. அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்துக்கே பயிருக்குக் கிடைக்கும்; மிச்சம் மெல்ல மெல்லத்தான் வெளிவரும். இவ்வளவு எருவுக்கு மாடு எங்கே? முன்பு வயலில் பட்டி அடைத்து எரு சேர்த்த குடும்பங்கள் பல, 2009 இல் மாடுகளை விட்டுவிட்டுத்தான் ஓடின.

யூரியா மட்டும் போதும் என்பதும் சரிவராது. போடும் யூரியாவின் நைதரசனில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுக்கிறது. மற்றது காற்றோடும் நீரோடும் போகிறது. மணற்பாங்கான நிலத்தில் இழப்பு இன்னும் கூட. உக்கிய சேதனப் பொருள் உள்ள மண் நீரையும் ஊட்டத்தையும் பிடித்து வைக்கும். நெல்லுக்கு நைதரசனைக் கொடுப்பது பெரும்பாலும் யூரியா. அதை வீணாகாமல் காப்பது சேதனப் பசளை. இரண்டையும் சேர்த்து இடச் சொல்வது இதனால்தான்.

மாடு இல்லாதவரிடமும் வைக்கோல் இருக்கிறது. ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் விளைந்தால் ஏறத்தாழ அதேயளவு வைக்கோல் வரும். அதில் 30 கிலோ அளவு பொட்டாசியம் உண்டு. கடையில் வாங்கினால் இது எம்.ஓ.பி. ஒரு மூடைக்கும் மேல். எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும். பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் மிஞ்சினாலும் காற்றும் முதல் மழையும் அதை அள்ளிக்கொண்டு போகும்.

வைக்கோலைப் பரப்பி, அறுவடை ஈரம் காயுமுன் உழுதுவிடுவது நல்லது. மானாவாரி நிலத்தில் இதை விட்டால் புழுதி விதைப்புக்கு முன் வேறு வசதியான நேரம் கிடைப்பது அரிது. நீர்ப்பாய்ச்சலில் சிறுபோகம் செய்பவர்கள் விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னராவது தாழ்க்க வேண்டும். உக்காத வைக்கோலோடு விதைத்தால் பயிர் மஞ்சளிக்கும். வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாங்கள் எடுத்துக்கொள்வதே காரணம். அந்த நேரத்தில் "சேதனப் பசளை போட்டாச்சு" என்று முதல் யூரியாவைக் குறைப்பது பெரிய பிழை.

குழை தாழ்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. பூவரசு, கிளிசரியா இலைகள் வைக்கோலை விடச் சீக்கிரம் உக்கும். நெல்லுக்குப் பின் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுதால், அது காற்றிலிருந்து பிடித்த நைதரசனும் மண்ணுக்கு வரும். நகரக் குப்பையில் செய்த கூட்டுப்பசளை வாங்குபவர்கள் கையால் அளைந்து பார்த்து வாங்குங்கள். கண்ணாடித் துண்டும் சொப்பிங் பையும் வயலுக்கு வந்தால் திரும்பப் பொறுக்க முடியாது. யூரியாவைச் சாம்பலோடு கலக்க வேண்டாம், நைதரசன் வாயுவாகப் போய்விடும்.

இரசாயனப் பசளையைக் குறைப்பதானால் முதலில் எம்.ஓ.பி., கடைசியில்தான் யூரியா. அதுவும் இரண்டு மூன்று போகம் வைக்கோல் தாழ்த்த பின்னர், மண் பரிசோதனை பார்த்து. முதல் தடவை ஒரு வரவையில் மட்டும் செய்து பக்கத்து வரவையோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது. விவசாயத் திணைக்களத்தின் சிபார்சு அளவுகள் இனத்தின் வயதுக்கும் நீர் வசதிக்கும் ஏற்ப மாறும் என்பதால் இங்கே தரவில்லை. உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம்.

குத்தகை நிலம் செய்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். இந்த வருடம் தாழ்த்த வைக்கோலின் முழுப் பலன் வருமுன் நிலம் வேறு கைக்கு மாறிவிடலாம். குத்தகையை மூன்று வருடத்துக்குப் பேச முடிந்தால், வைக்கோல் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.