பாஹியங்கல குகையில் என்ன சாப்பாடு?

ராத்தா ரெண்டு மாதமாக பேலியோ. சோறு, பாண், பருப்பு, வாழைப்பழம் எல்லாம் தடை. கோலிஃப்ளவரைத் துருவி "சோறு", பாதாம் மாவில் ரொட்டி. "கற்கால மனுசர் சாப்பிட்டது" என்கிறா. சீனி குறைந்திருக்கு, அல்ஹம்துலில்லாஹ். குளிசையையும் நிறுத்தப் போறேன் என்றதும்தான் இதை எழுதுகிறேன்.

கற்கால மனுசர் நம் நாட்டிலும் இருந்தார்களே! புளத்சிங்கள பக்கம் பாஹியங்கல குகையில் சுமார் 45,000 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர்கள் அதிகம் வேட்டையாடியது குரங்கும் மலை அணிலும் என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குரங்கு எலும்பையே கூராக்கி ஆயுதமும் செய்தார்கள். (நமக்கு ஹலால் இல்லை ராத்தா!) குருவிட்ட பக்கம் படதொம்பலென குகையில் கிடைத்தவை நத்தை ஓடு, கெக்குன கொட்டை, காட்டு வாழை, ஈரப்பலாவின் காட்டு இனம். அதாவது, ராத்தாவின் லிஸ்டில் தடையான மாச்சத்தும் அங்கே இருந்தது.

தானியம் பிறகு வந்தது என்பா. கலிலேயா ஏரிக்கரையில், ஒஹாலோ என்ற இடத்தில், சுமார் 23,000 வருடங்களுக்கு முன்பே காட்டு பார்லியைக் கல்லில் அரைத்திருக்கிறார்கள். விவசாயம் தொடங்கியது அதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் பிறகு.

கோலிஃப்ளவர் சோறு ருசிதான், நானும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். குளிசையை மட்டும் கிளினிக்கில் கேட்காமல் விட வேண்டாம், ராத்தா.