மோரோ மக்களின் வாள்கள்

தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோத் தீவிலும் சூலுத் தீவுக்கூட்டத்திலும் வாழும் முஸ்லிம் மக்களுக்கு மோரோ என்பது பொதுப்பெயர். பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வந்த ஸ்பானியர், தம் நாட்டில் தம்மோடு பொருத மூர் மக்களின் பெயரையே இவர்களுக்கும் இட்டனர். பகைவர் இட்ட அப்பெயரைப் பிற்காலத்தில் இம்மக்களே பெருமையுடன் ஏற்றனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஸ்பானியருக்கு முற்றும் அடிபணியாது நின்ற அவர்தம் வரலாற்றுக்கு வாள்களும் சான்றாகும். அச்சான்றைப் படிக்கும் முறையை இன்று காண்போம்.

அவ்வாள்களுள் சிறந்தவை மூன்று. முதலாவது கிறிஸ். மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் அப்பெயருடையது குத்துவதற்குரிய சிறு குத்துவாள். மோரோக்களின் கிறிஸோ அதனினும் நீண்டு அகன்று, வெட்டுவதற்கும் ஏற்றதாய், இருபுறமும் கூர்மை உடையது. அதன் அலகு பாம்புபோல் நெளிந்திருத்தலும் உண்டு. நேராக இருத்தலும் உண்டு. ஆதலின் நெளிவு ஒன்றையே அடையாளமாகக் கொள்ளுதல் தவறு. பிடியருகே அலகு விரியும் இடத்தில் யானைத் துதிக்கை போன்ற சிறு வளைவு காணப்படும். அதுவே உறுதியான அடையாளம்.

இரண்டாவது பரோங். இலை வடிவினது, ஒருபுறமே கூருடையது, முதுகு தடித்தது. சூலுவின் தௌசுக் மக்களும் பசிலான் தீவின் யாக்கான் மக்களும் இதனை மிகுதியும் கையாண்டனர். இதன் பிடியின் தலைப்பகுதி, தமிழில் காக்கத்துவான் என வழங்கும் கொண்டைக்கிளியின் தலையை ஒத்திருக்கும்.

மூன்றாவது கம்பிலான். மகிந்தனாவோ, மரனாவோ மக்களுக்கு உரிய நெடுவாள். பிடியோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமிருக்கும். பிடியருகே குறுகி, நுனியை நோக்கி அகன்று செல்லும். நுனியில் சிறு முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிடியின் முனை, வாய் பிளந்த விலங்கைப் போல் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

இனி, மதிப்பிடும் முறை. பழைய கிறிஸில் பிடியருகேயுள்ள விரிந்த பகுதி தனித்துண்டாகச் செய்து அலகோடு பொருத்தப்பட்டது. அவ்விணைப்பைக் கண்ணாற் காணலாம். இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பலவற்றில் அவ்விடத்தே வெறும் கோடு மட்டுமே கீறப்பட்டுள்ளது. தொழில் மறையினும் அதன் சாயல் எஞ்சி நின்றமைக்கு இக்கோடு சான்று. அடுத்து, எடையையும் சமநிலையையும் கையில் ஏந்தி அறிதல் வேண்டும். போருக்கென அடித்த வாள் பிடித்தவுடன் கைக்கு அடங்கும். பயணிகளுக்கு விற்கச் செய்தது பெரும்பாலும் மெல்லிய தகடாய், பகட்டான அணிகளோடு இருக்கும். மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய அலகுக்குப் புதிய பிடி பொருத்துதல் அங்கு வழக்கமாதலின், பிடியின் வயதைக் கொண்டு அலகின் வயதைத் துணிதல் கூடாது.

போர்வாள் எவ்வாறு விலைப்பொருளாயிற்று? ஸ்பெயின் 1898ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்கு அளித்தது. 1906 மார்ச்சில் ஹோலோத் தீவின் புட் டாஹோ மலையில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் அமெரிக்கப் படையினராற் கொல்லப்பட்டனர். 1911இல் மோரோ மாகாணத்தின் ஆளுநராயிருந்த பெர்ஷிங், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டார். அதனை எதிர்த்தோருள் பலர் 1913 ஜூனில் புட் பாக்சாக் மலையில் மாண்டனர். பறிக்கப்பட்டும், ஒப்படைக்கப்பட்டும், விலைக்கு வாங்கப்பட்டும் எண்ணற்ற வாள்கள் கடல் கடந்தன. அவற்றுட் பல இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் தனியார் இல்லங்களிலும் உள்ளன.

எனவே, இத்தகைய வாளொன்று கைக்கு வந்தால் அதன் விலையை முதலில் வினவுதல் முறையன்று. இஃது எம்மக்களுடையது, எக்காலத்தது, அவர் கையினின்று எவ்வாறு நீங்கியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடுதல் வேண்டும். கறை போக்கும் ஆர்வத்தால் அலகை அரத்தால் தேய்ப்போர், இரும்பை மடித்தடித்த கொல்லன் விட்டுச்சென்ற வரிகளையும் அழித்துவிடுவர். கொல்லனின் பெயர் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. அவன் கைத்திறனுக்கு எஞ்சிய எழுத்து அவ்வரிகளே; அவற்றைக் காத்தல் நம் கடன்.