பாலிபில்

மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்காக, தனித்தனியே விழுங்க வேண்டிய பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் கூட்டு மாத்திரையே பாலிபில். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளும் இதன் அடிப்படை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் சில வகைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இவற்றில் எதுவும் புது மருந்தல்ல. எல்லாம் காப்புரிமைக் காலம் முடிந்து விலை மலிந்தவை. ஆனாலும் 2003இல் பரவலாகப் பேசப்பட்ட இந்த மாத்திரை, உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பிடிக்க 20 ஆண்டுகள் ஆயின. வயது 55ஐத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்று கிளம்பிய யோசனை, அந்த 20 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் அடிபட்டுத் தேய்ந்து, மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ள வைக்கும் வழியாக உருமாறியது.

பின்னணி

இதய நோய்க்கு முன்கூட்டியே அடையாளங்கள் உண்டு என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மருத்துவர்கள், உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றை மாரடைப்போடு இணைத்தார்கள். அடுத்த கேள்வி, அவற்றைக் குறைத்தால் நோய் குறையுமா என்பது.

விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு, ஆஸ்பிரின் கொடுத்தால் அடுத்த ஐந்து வாரங்களில் நேரும் இதய, இரத்தக்குழாய் மரணங்கள் 23 விழுக்காடு குறைவதை 1988இல் நிறுவியது. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த காம்பாக்டின், ஸ்டேட்டின் குடும்பத்துக்கு மூலமானது. அக்குடும்பத்தைச் சேர்ந்த சிம்வாஸ்டேட்டினை இதய நோயாளிகள் 4,444 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் மொத்த இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. அந்த முடிவு 1994இல் வெளியானது. 2000இல் வந்த ஹோப் ஆய்வு, ஏ.சி.இ. தடுப்பான் வகை இரத்த அழுத்த மருந்தான ரேமிப்ரிலின் பலனை உறுதிசெய்தது.

இப்படி நான்கைந்து மருந்துகள் ஒவ்வொன்றாகத் தேறின. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பும் ஒருவர் இத்தனையையும் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? 17 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2011இல் இதற்கு விடை தந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில், இந்த மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்காதவர்கள் பணக்கார நாடுகளில் 11 விழுக்காடு. ஏழை நாடுகளிலோ 80 விழுக்காடு.

கூட்டு மாத்திரைக்கு முன்னுதாரணம் வேறு நோய்களில் இருந்தது. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்த மாத்திரைகள் முன்பே வழக்கத்தில் இருந்தன. எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளை ஒன்றாக்கிய டிரையோமியூனை இந்தியாவின் சிப்லா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் வெல்கம் அறக்கட்டளையும் கூட்டிய கூட்டத்தில், இதய நோய்க்கும் இவ்வாறு செய்யலாமா என்று பேசப்பட்டது. கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இதயநோய் ஆய்வாளர் சலீம் யூசுஃப் 2002இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கணக்கைப் போட்டார்: ஆஸ்பிரின், பீட்டா தடுப்பான், ஸ்டேட்டின், ஏ.சி.இ. தடுப்பான் ஆகிய நான்கும் சேர்ந்தால், நோய் வந்தவருக்கு அது மீண்டும் வரும் ஆபத்து ஏறத்தாழ முக்கால் பங்கு குறையும்.

2003: வால்ட், லா

யூசுஃப் நோயாளிகளைப் பற்றிப் பேசினார். லண்டன் ஆய்வாளர்கள் நிக்கலஸ் வால்டும் மால்கம் லாவும் ஆரோக்கியமானவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு ஸ்டேட்டின், பாதி அளவில் மூன்று இரத்த அழுத்த மருந்துகள், 75 மி.கி. ஆஸ்பிரின், 0.8 மி.கி. ஃபோலிக் அமிலம் என ஆறும் அடங்கிய மாத்திரையை இதய நோயாளிகள் அனைவரும், 55 வயதைத் தாண்டிய எல்லோரும் எடுத்துக்கொண்டால் மாரடைப்பு 88 விழுக்காடும் பக்கவாதம் 80 விழுக்காடும் குறையும் என்று 2003 ஜூனில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். இரத்தப் பரிசோதனை தேவையில்லை. பிரஷர் பார்க்க வேண்டியதில்லை. வயது ஒன்றே தகுதி. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு இது. அந்த மாத்திரை அப்போது உலகில் எங்கும் இல்லை.

மருந்தைப் பாதி அளவாக்கியதற்குத் தக்க காரணம் இருந்தது. இரத்த அழுத்த மருந்தின் அளவைப் பாதியாக்கினால் பலன் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. பக்க விளைவுகளோ பெருமளவு குறைகின்றன என்பதை அவர்கள் 354 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருந்தார்கள். ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, மூன்று மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது மேல் என்ற இந்த முடிவு, பாலிபில்லின் மற்றப் பகுதிகள் பல உதிர்ந்த பிறகும் நிலைத்திருக்கிறது.

அரை நூற்றாண்டாக இத்தனை முக்கியமான கட்டுரையை இதழ் வெளியிட்டிருக்குமா என்ற தொனியில் அதன் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித் எழுதினார். எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. நலமாக நடமாடும் கோடிக்கணக்கானவர்களை நோயாளிகளாக்குவதா? மாத்திரை இருக்கிறதே என்று உணவையும் உடற்பயிற்சியையும் விட்டுவிட மாட்டார்களா? இதில் நகைச்சுவைக்கும் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே இதழில் வெளிவந்த ‘பாலிமீல்’ கட்டுரை, ஒயின், மீன், டார்க் சாக்லேட், காய்கனி, பூண்டு, பாதாம் ஆகியவற்றைத் தினமும் சாப்பிட்டால் இதய நோய் 76 விழுக்காடு குறையும் என்று அதே பாணியில் கணக்குப் போட்டுக் காட்டியது.

இந்தியாவில் முதல் சோதனை

கணக்கைச் செயலில் சோதித்த முதல் பெரிய ஆய்வு இந்தியாவில் நடந்தது. அகமதாபாத்தின் கேடிலா பார்மசூட்டிகல்ஸ் ‘பாலிகேப்’ என்ற மாத்திரையைத் தயாரித்தது: ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி., அட்டெனோலால் 50 மி.கி., ரேமிப்ரில் 5 மி.கி., சிம்வாஸ்டேட்டின் 20 மி.கி., ஆஸ்பிரின் 100 மி.கி. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களும் யூசுஃபும் இணைந்து நடத்திய ‘டிப்ஸ்’ ஆய்வில் நாடெங்கும் 50 மையங்களில் 2,053 பேர் பங்கேற்றார்கள். இதய நோய் இல்லாத, ஆனால் ஏதேனும் ஓர் ஆபத்துக் காரணி உள்ள 45 முதல் 80 வயதுக்காரர்கள் இவர்கள்.

ஐந்து மருந்துகளை ஒன்றாகத் திணித்தால் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும், பக்க விளைவு பெருகும் என்பது அப்போதைய அச்சம். 2009இல் வெளியான முடிவு அதைப் பெருமளவு போக்கியது. 12 வாரங்களில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 7.4 புள்ளியும் கீழ் அளவு 5.6 புள்ளியும் இறங்கின. கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 27 மி.கி. குறைந்தது, சிம்வாஸ்டேட்டினைத் தனியாகக் கொடுத்ததைவிடச் சற்றே குறைவான பலன் இது. பக்க விளைவுகள் கூடவில்லை. ஆனால் வால்டும் லாவும் சொன்ன 80 விழுக்காட்டை இந்த அளவுகளைக் கொண்டு எட்ட முடியாது என்பதும் தெரிந்துபோனது. மாரடைப்பு 62 விழுக்காடு, பக்கவாதம் 48 விழுக்காடு குறையக்கூடும் என்று ஆய்வுக்குழு மதிப்பிட்டது.

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 2,004 பேரிடம் நடந்து 2013இல் வெளியான அம்பயர் ஆய்வு, மாத்திரையின் உண்மையான பலம் எங்கே என்று காட்டியது. தனித்தனி மருந்து எடுத்தவர்களில் 65 விழுக்காட்டினரே மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்தார்கள். கூட்டு மாத்திரைக்காரர்களில் 86 விழுக்காட்டினர். தொடக்கத்திலேயே மருந்தைச் சரியாக எடுக்காதவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது: 23க்கு 77.

உதிர்ந்த மருந்துகள்

இதற்கிடையே மாத்திரைக்குள் இருந்தவை ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாயின. முதலில் போனது ஃபோலிக் அமிலம். 2006இல் வெளியான ஹோப்-2, நார்விட் ஆய்வுகளில் அது, இதய நோயோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை இரத்தத்தில் குறைத்ததே தவிர, மாரடைப்பைக் குறைக்கவில்லை. வால்ட் குழு 2012இல் தாமே வெளியிட்ட சிறு ஆய்வில் பயன்படுத்திய மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் இல்லை, ஆஸ்பிரினும் இல்லை.

ஆஸ்பிரினின் வீழ்ச்சிதான் பெரிய திருப்பம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018இல் வெளியானது. இதய நோய் இல்லாத முதியவர்களுக்கு ஆஸ்பிரினால் மாரடைப்பு ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கடும் இரத்தக்கசிவு கூடியது. நோய் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் இன்றும் அவசியம். வராதவர்கள் எல்லோருக்கும் கொடுப்பதை அமெரிக்க வழிகாட்டல்களே கைவிட்டன.

பாலிகேப்பில் அட்டெனோலாலாக இருந்த பீட்டா தடுப்பானும் தப்பவில்லை. மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்பு செய்யும் திறன் குன்றாத 5,020 பேரிடம், பெரும்பாலும் ஸ்வீடனில் நடந்த ரெட்யூஸ்-ஏ.எம்.ஐ. ஆய்வு, அம்மருந்தால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2024இல் அறிவித்தது.

நோய் குறைந்ததா?

பிரஷரும் கொழுப்பும் இறங்குவது ஒன்று. மாரடைப்பு குறைவது வேறு. இரண்டாவதைக் காட்டிய முதல் பெரிய ஆய்வு ஈரானின் வடகிழக்கே, கோலெஸ்தான் மாகாணத்தில் நடந்தது. 236 கிராமங்களைச் சேர்ந்த 50 முதல் 75 வயது வரையிலான 6,838 பேர் பங்கேற்றார்கள். உப்பையும் கொழுப்பையும் குறைக்கவும் உடற்பயிற்சி செய்யவும் புகையையும் அபினையும் விடவும் எல்லாக் கிராமத்தினருக்கும் அறிவுரை தரப்பட்டது. பாதிக் கிராமங்களுக்கு மாத்திரையும் கூடக் கிடைத்தது. மாத்திரையில் இருந்த ஏ.சி.இ. தடுப்பானால் சிலருக்கு வறட்டு இருமல் வரும் என்பதால், அதற்குப் பதில் வல்சார்ட்டன் சேர்த்த இரண்டாவது மாத்திரையும் கையிருப்பில் இருந்தது. ஐந்து ஆண்டு முடிவில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கும், மாத்திரையும் எடுத்தவர்களில் 5.9 விழுக்காட்டினருக்கும் பெரிய இதய நோய் நிகழ்வுகள் நேர்ந்தன. மாத்திரையைத் தவறாமல் எடுத்தவர்களிடம் ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்தது. பாலிஇரான் என்ற இந்த ஆய்வு 2019இல் ‘லான்செட்’டில் வந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவரான 303 பேரிடம் நடந்த ஆய்வும் வெளியானது. மாதம் 26 டாலர் விலையுள்ள மாத்திரை ஓராண்டில், வழக்கமான சிகிச்சையைவிட 7 புள்ளி கூடுதலாக மேல் இரத்த அழுத்தத்தை இறக்கியது.

இந்தியா, பிலிப்பைன்ஸ், கொலம்பியா உட்பட ஒன்பது நாடுகளில் 5,713 பேரிடம் நடந்த டிப்ஸ்-3 முடிவு 2020 நவம்பரில் வந்தது. பங்கேற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்தியர்கள். போலி மாத்திரைக் குழுவில் 5.5 விழுக்காடும், பாலிபில் குழுவில் 4.4 விழுக்காடும் பாதிக்கப்பட்டார்கள். ஆஸ்பிரினும் சேர்ந்தபோது இடைவெளி 5.8க்கு 4.1 ஆனது. மருந்து அனுப்புவதில் ஏற்பட்ட தாமதமும் கோவிட்டும் பலரை நடுவில் நிறுத்தவைத்த பிறகும் கிடைத்த பலன் இது.

மாரடைப்புக்குப் பின்: செக்யூர்

யூசுஃப் 2002இல் முன்வைத்த பழைய கேள்விக்கு, அதாவது நோய் வந்தவருக்கு இது உதவுமா என்பதற்கு, 2022இல் விடை வந்தது. ஸ்பெயினின் தேசிய இதயநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வாலெண்டின் ஃபுஸ்தர் தலைமையில் ஏழு ஐரோப்பிய நாடுகளில் 2,499 முதியவர்களிடம் செக்யூர் என்ற ஆய்வு நடந்தது. மாரடைப்பு வந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்கள் இவர்கள். மாத்திரையில் ஆஸ்பிரின், ரேமிப்ரில், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றும் இருந்தன. மூன்று ஆண்டுகளில் முக்கிய இதய நிகழ்வுகள் வழக்கமான சிகிச்சையில் 12.7 விழுக்காடு, பாலிபில்லில் 9.5 விழுக்காடு. இதய நோய் மரணம் 5.8இலிருந்து 3.9 ஆனது.

செக்யூர் முடிவுகளில் ஒரு புதிரும் உண்டு. இரு குழுவினருக்கும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணங்களிலும் வித்தியாசமில்லை. பாலிபில் குழுவினர் மருந்தை நன்றாகத் தொடர்ந்தார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இலங்கையும் மும்மருந்து மாத்திரையும்

இரத்த அழுத்தத்துக்கு மட்டுமான கூட்டு மாத்திரை தனிக்கிளையாக வளர்ந்தது. இதில் இலங்கைக்கு முக்கிய இடம் உண்டு. அங்குள்ள மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் 700 பேரிடம் நடந்த டிரையம்ப் ஆய்வில் டெல்மிசார்ட்டன் 20 மி.கி., அம்லோடிபின் 2.5 மி.கி., குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரை தரப்பட்டது. ஆறு மாதத்தில் கூட்டு மாத்திரைக்காரர்களில் 70 விழுக்காட்டினரின் இரத்த அழுத்தம் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 விழுக்காடு. முடிவு 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது.

தடைகளும் இன்றைய நிலையும்

அளவைத் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டும் என்பவை மருத்துவர்களின் பழைய ஆட்சேபங்கள். வெவ்வேறு அளவுகளில் மாத்திரை செய்வது இதற்கு ஓரளவு பதிலானது. தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. ஒன்றோடொன்று வினைபுரியாமல் காக்க, ஸ்பானிய மாத்திரையில் மருந்துகள் சிறு சிறு வில்லைகளாக ஒரே கேப்ஸ்யூலுக்குள் அடைக்கப்பட்டன. இந்தியாவில் கூட்டு மருந்து என்ற பெயருக்கே களங்கம் சேர்ந்திருந்தது: பொருத்தமற்றவை என்று 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு 2016 மார்ச்சில் தடைசெய்தது. பாலிபில் அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்றாலும், ஒப்புதல் தரும் அதிகாரிகளின் தயக்கத்துக்கு அத்தகைய அனுபவங்கள் காரணம் ஆயின. எல்லாவற்றுக்கும் மேல் காசு. காப்புரிமை இல்லாத மலிவான மருந்துகளுக்காகப் பெரிய ஆய்வுக்குச் செலவழிக்கப் பெருநிறுவனங்கள் முன்வரவில்லை. ஆய்வுகளில் பலவற்றைப் பல்கலைக்கழகங்களும் பொது நிதியும்தான் தாங்கின.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இரு மருந்து சேர்ந்த இரத்த அழுத்த மாத்திரைகளையும், 2023 ஜூலையில் பாலிபில்லையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அரசுகள் மருந்து வாங்கும்போது பார்க்கும் வழிகாட்டியாகவே அது பயன்படுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜூனில் டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், இண்டபமைடு மூன்றும் சேர்ந்த மாத்திரைக்கு, சிகிச்சையைத் தொடங்கும்போதே கொடுக்கலாம் என ஒப்புதல் அளித்தது. வால்டும் லாவும் 2003இல் எழுதிய ஆறில் இரத்த அழுத்தத்துக்கான மூன்றின் இடமே இதில் இருக்கிறது. ஸ்டேட்டினும் ஆஸ்பிரினும் ஃபோலிக் அமிலமும் இல்லை.